மேல வீட்டுக் கறிச்சோறு

இப்ப சங்கத்தை நடத்துற பிள்ளைங்க வீடு தேடி வந்து, "அக்கா, சங்கத்தோட வரலாறு போடப் போறோம். நீங்க ஆரம்பத்துலருந்து இருந்தவங்க. உங்க பங்குக்கு எழுதிக் குடுங்க"ன்னு நிக்கிறாங்க. அக்காவாம்! எனக்குப் பாட்டி வயசாச்சு. சரி எழுதுறேன், ஆனா நடுவுல 'ஒளியேற்றினோம்', 'வழிகாட்டினோம்'னு எதையாவது சொருகினீங்கன்னா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுருவேன்னு சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கேன். நாங்க யாருக்கும் ஒளி ஏத்தல. ஞாயித்துக்கிழமை வீட்டுல சும்மா உக்கார முடியாத ஆபீஸ் ஆளுங்க சிலபேரு மதுரையிலருந்து மேக்கால கிளம்பிப் போனோம். ஆம்பளைங்க சைக்கிள்ல, நாங்க பொம்பளைங்க டவுன் பஸ்ல. அதுதான் சங்கம்.

ஆரம்பிச்சது கீழக்குயில்குடி சமணர் மலையில. எழுபதுகள்ல ஒரு லீவு நாள்ல, டெலிபோன் எக்சேஞ்சுல வேலை பார்த்த நாங்க கொஞ்சப் பேரு, பேங்குல இருந்த ரெண்டு பேரு, ஒரு ஹைஸ்கூல் வாத்தியார் எல்லாம் புளியோதரையைக் கட்டிக்கிட்டு மலை பார்க்கப் போனோம். மேல, சாமியாருங்க படுத்த கல் படுக்கையில எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயிலான பையங்க உக்காந்து சீட்டாடிக்கிட்டிருந்தாங்க. வாத்தியாருக்கு வாய் அரிக்குமே, உடனே புத்தி சொல்ல ஆரம்பிச்சாரு. ஒருத்தன் சீட்டுலருந்து கண்ணை எடுக்காமலே, "சார் சாப்ட்டீகளா? நாங்க இன்னும் சாப்டல"ன்னான். வாத்தியார் கப்புன்னு வாயை மூடிக்கிட்டாரு. பொட்டலத்தைப் பிரிச்சு எல்லாருமா சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு அந்தப் பையங்க பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, பொழுது சாயிற வரைக்கும் நிறுத்தல.

எங்க சட்டம் அங்கதான் பிறந்துச்சு. ஒரு பிள்ளைக்கு ஒரு அண்ணன், இல்லன்னா ஒரு அக்கா. டியூஷன் கிடையாது, துணி மணி குடுக்கிறது கிடையாது. கூட நிக்கணும், அதுதான் வேலை. முதல்ல அந்தப் பிள்ளையோட வீட்டுக்குப் போய், எந்த வீடா இருந்தாலும், எந்தத் தெருவா இருந்தாலும், அவங்க போடுறதைச் சாப்பிடணும். அதுக்கு முன்னாடி புத்திமதின்னு ஒரு வார்த்தை வாயிலருந்து வரக்கூடாது.

இந்தச் சட்டத்தை எழுதினவரு எங்க செயலாளர். டி. கல்லுப்பட்டி ஆசிரமத்துல கொஞ்ச காலம் இருந்துட்டு வந்தவரு. கதர் சட்டை, கதர் வேட்டி, பொய்யே சொல்ல மாட்டாரு. பொய் சொல்லாத மனுஷனோட வேலை பார்க்கிறது எம்புட்டுக் கஷ்டம்னு பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். கறி மீன் விட்டு வருஷக்கணக்காச்சு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை உண்ணாவிரதம், பச்சத் தண்ணி பல்லுல படாது. "யாருக்காக சார்?"னு கேட்டா "எனக்காக"ம்பாரு. நல்ல மனுஷன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த விரதம் இருக்கே, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது.

எனக்குப் பிள்ளையா அமைஞ்சவ சோழவந்தான் தாண்டி கொடிக்கால் ஊர்க்காரி. ஊரைச் சுத்தி வெத்திலைக் கொடி. அவ அப்பாவுக்கும் சொந்தமா ஒரு கொடிக்கால் இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெத்திலை கிள்ளி அடுக்கிக்கிட்டே பாடத்தை முணுமுணுப்பா. ப்ளஸ் டூ புதுசா வந்திருந்த சமயம். அந்த ஊர்லருந்து ப்ளஸ் டூ வரைக்கும் வந்த முதல் பொண்ணு அவதான். பரிச்சை எழுதினா நர்ஸ் படிப்பு, எழுதலன்னா அவளைவிட ரொம்பப் பெரியவனான தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டணும். ரெண்டுல ஒண்ணு, நடுவுல வேற வழி இல்ல.

அவங்க வீட்டை மேல வீடும்பாங்க. அதே தெருவுல கிழக்கால இருந்த பங்காளி வீடு கீழ வீடு. ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு கிணறு. யார் முறையில யார் மோட்டார் போட்டாங்கன்னு ஆரம்பிச்ச சண்டை, மண்டை உடைஞ்சு, போலீசு வந்து, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தே இல்லாம ஆயிருச்சு. கீழ வீட்டுலயும் சங்கத்துப் பிள்ளை ஒருத்தன் இருந்தான். அந்தப் பக்கத்துல ஒரு வீட்டுல கை நனைக்கிறதுன்னா வயித்துக்குச் சாப்பிடுறது மட்டும் இல்ல. பகையாளி வீட்டுல சாப்பிட்ட ஆளு நம்ம வீட்டுல சாப்பிடாம எந்திரிச்சா, நான் அவன் பக்கம்னு ஊரறியச் சொன்ன மாதிரி.

செயலாளர் எல்லாப் பிள்ளைங்க வீட்டுக்கும் முறை வச்சுப் போவாரு. கீழ வீட்டுக்குப் போனப்ப அவங்க கம்மங்கூழும் வெங்காயமும் குடுத்தாங்க. வாசல்ல உக்காந்து தெருவே பார்க்க ரெண்டு செம்பு குடிச்சாரு. அடுத்த மாசம் மேல வீட்டு முறை. அன்னைக்குப் பார்த்து விரத ஞாயிறு! நான் பஸ்லயே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். "சார், இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் போவோம். இல்லாட்டி ஒரு வாய் மோராவது குடிச்சிருங்க."

"வர்றேன்னு சொல்லிட்டேன், போகணும். விரதம்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்கம்மா. நல்லவங்க."

புரிஞ்சுக்கிட்டாங்க, நல்லாவே புரிஞ்சுக்கிட்டாங்க. பொண்ணோட அப்பா பாய் விரிச்சு, தலைவாழை இலை போட்டு, செம்புல தண்ணி வச்சாரு. இவரு கையெடுத்துக் கும்பிட்டு, "இன்னைக்கு எனக்கு உபவாசம்"னாரு. தண்ணியாவது குடிங்கன்னதுக்கும் அதே கும்பிடு. அந்த மனுஷன் இலையைப் பார்த்தாரு, இவரைப் பார்த்தாரு. அவரு கழுத்து நரம்பு புடைச்சது எனக்குத் தெரிஞ்சது.

"கீழ வீட்டுல நனைஞ்ச கை எங்க வீட்டுல நனையாதோ?"

"அப்படி இல்லீங்க..."

"வேற எப்படி? எந்திரிங்க. நல்ல வெயிலுக்கு முன்னால ஊரு போய்ச் சேருங்க."

அன்னைக்கோட பொண்ணு வீட்டுக்குள்ள முடங்கிட்டா. பள்ளிக்கூடத்துல பரிச்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்தாங்க, அதனால அவ வெளியவே வரல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். "சங்கமும் வேணாம் சாமியாரும் வேணாம். பரிச்சையும் எழுத வேணாம்"ன்னு அப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. எனக்கு மட்டும் வழக்கம்போல சாப்பாடு வச்சாங்க. நான் சைவம்னு தெரியும், எப்பவும் எனக்குன்னு பருப்பு தனியாக் கடைவாங்க. பொண்ணோட அம்மா பரிமாறிட்டு நிலைப்படி பக்கத்துல போய் நின்னுக்குவாங்க. மதினின்னுதான் கூப்பிடுவேன். "மதினி, நீங்களாவது சொல்லுங்களேன்"ன்னா, வாயைத் திறக்காம ரசத்தை ஊத்துவாங்க.

பரிச்சை திங்கக்கிழமை. மதுரையில சென்டர். காலையில முதல் பஸ்ஸை நம்ப முடியாது, பாதி நாள் வழியில நின்னுரும். அதனால முதல் நாளே கூட்டிட்டு வந்து என் வீட்டுல தங்க வைக்கிறதா ஏற்பாடு. ஏற்பாடுன்னா, விரதத்துக்கு முன்னால அவங்க அப்பாவே தலையாட்டின ஏற்பாடு. அந்த ஞாயித்துக்கிழமை செயலாளரைக் கையோட இழுத்துக்கிட்டுப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி பஸ். அதுக்குள்ள பொண்ணை வெளிய கொண்டு வரலன்னா அம்புட்டுதான்.

"இன்னைக்கு விரதம் இல்லையே சார்?"னு வழியெல்லாம் கேட்டேன்.

"இல்லம்மா, இல்ல."

"என்ன போட்டாலும் சாப்பிடுவீங்கல்ல?"

"சாப்பிடாம என்ன?"

பாவம், ரெண்டு பேருமே யோசிக்கல. ஞாயித்துக்கிழமை, கறி எடுக்கிற வீடு.

போனா வாசல்ல அவங்க ஆளுங்க ஏழெட்டுப் பேரு உக்காந்திருந்தாங்க. நாங்க வர்றோம்னு முன்னாலயே சொல்லி அனுப்பியிருந்தேன், அதான் பொண்ணோட அப்பா சொந்தக்காரங்களைக் கூட்டி வச்சிருந்தாரு. எல்லாரும் பார்க்க இலை போட்டாச்சு. சோத்தைக் குவிச்சு, குழி பறிச்சு, ஆட்டுக்கறிக் குழம்பை ஊத்தினாங்க மதினி. மல்லி, மிளகு, கொழுப்பு எல்லாம் சேர்ந்த வாசம்.

செயலாளர் இலை முன்னால உக்காந்தாரு. உக்காந்தவரு கை நீளவே இல்ல.

"எனக்கு மோர்ச்சோறு குடுங்க, வயிறு நிறையச் சாப்பிடுறேன்."

"கீழ வீட்டுல போட்டதைத் தின்னீகல்ல? இங்க போட்டதையும் தின்னுங்க."

"நான் கறி சாப்பிடுறதில்லீங்க. ரொம்ப வருஷமா விட்டுட்டேன்."

"அன்னைக்கு ஒபவாசம், இன்னைக்கு இதுவா? எங்க வீட்டுச் சோறுன்னா மட்டும் உங்களுக்கு ஒரு சாக்கு வந்துருதே சார்!"

உள்ள, கதவுக்குப் பின்னால அந்தப் பொண்ணு நிக்கிறது தெரிஞ்சது. பச்சைப் பாவாடையோட ஓரம். ஒரு துளி அசையல. வெயில் கூரையை விட்டு இறங்கிக்கிட்டிருந்துச்சு. நான் செயலாளர் காதுல, "சார், ஒரு கவளம், ஒரே ஒரு கவளம். கண்ணை மூடிக்கிட்டு முழுங்குங்க. அந்தப் பிள்ளையோட வாழ்க்கை சார்"ன்னேன். மனுஷனுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. கையை நீட்டினாரு, சோத்தைத் தொட்டாரு, எடுத்துட்டாரு. "முடியலம்மா"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்! இப்ப எழுதும்போதும் காது சூடாகுது. உங்க விரதமும் நீங்களும்! ஒரு ஆட்டுக்குப் பாவம் பார்த்து ஒரு பொண்ணை விட்டுக் குடுப்பீங்களான்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. அவரு தோளைத் தட்டி, "எந்திரிங்க சார்"ன்னேன். அவரு எந்திரிக்க, அந்த இலையில நான் உக்காந்தேன்.

எங்க வீட்டுல முட்டைன்னு பேச்செடுத்தாலே எங்கம்மா வாயைக் கொப்பளிக்கச் சொல்லும். கறிக்கடை இருக்கிற சந்து வழியாப் போகக்கூட விடாது. அப்படிப் பொத்திப் பொத்தி வளர்ந்தவ, அந்தக் கறியைச் சோத்தோட பிசைஞ்சு வாயில வச்சேன். மெல்லத் தெரியல. பல்லுல நாரா மாட்டுது, தொண்டையில இறங்க மாட்டேங்குது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணி. நல்லி எலும்பை என்ன செய்யிறதுன்னு தெரியாம கையில வச்சு முழிச்சேன், பிறகு அதையும் உறிஞ்சினேன். இலையில ஒரு பருக்கை விடல.

வழிச்சு முடிச்சு நிமிர்ந்து, "அண்ணே, சங்கம் உங்க வீட்டுல கை நனைச்சாச்சு. பிள்ளைய அனுப்புங்க"ன்னேன்.

அவரு என்னைப் பார்த்த பார்வையில கோபம்கூட இல்ல. சின்னப் பிள்ளை விளையாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாரு.

"நீ எம்புட்டுத் தின்னா என்னம்மா? நீ பொம்பள. பொம்பள தின்னதெல்லாம் கணக்குல வருமா?"

வயித்துல அம்புட்டுக் கறியையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இனி என்ன செய்ய? எதைத் தின்ன? பச்சைப் பாவாடை கதவோரத்துலருந்து மெதுவா உள்ள போச்சு.

அப்பதான் மதினி கரண்டியைக் கீழ வச்ச சத்தம் கேட்டுச்சு.

"ஏன் வராது?"

அந்தக் குரலை நான் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. அவரும் கேட்டிருக்க மாட்டாரு போல, யாரோ வெளியாளு பேசுற மாதிரித் திரும்பிப் பார்த்தாரு.

"மசால் அரைச்சது நான். விடிஞ்சதுலருந்து அடுப்புல வெந்தது நான். நான் யாரு? பொம்பளதானே? நான் பொங்குனத அந்த சார் தின்னா மேல வீட்டுக்கு மருவாதி, இந்தப் பிள்ள தின்னா மருவாதி இல்லையா? அப்ப நான் பொங்குனதுக்கு என்ன மருவாதி? சொல்லுங்க."

"ஏய், என்னடி வாய் நீளுது? உள்ள போ!"

"உள்ளதேன் போறேன். எம்மக பைய எடுக்க."

போனாங்க. மகளை ஒரு கையில, துணிப்பையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. அவரு நிலைப்படியில குறுக்க நின்னுட்டாரு. கை ரெண்டும் நிலையைப் பிடிச்சிருந்துச்சு. கொடிக்கால்ல உழைச்ச கை, இரும்பு மாதிரி இருக்கும். அடிச்சா ஒரே அடிதான். மதினி நின்ன இடத்தை விட்டு நகரல. மூக்குத்தி ஏறி இறங்குது, அம்புட்டு மூச்சு வாங்குது. "தள்ளுங்க"ன்னாங்க. அவரு தள்ளல.

வாசல்ல உக்காந்திருந்தவங்கள்ல வயசான ஒருத்தரு வெத்திலையைத் துப்பிட்டு, "ஏப்பா, யார் தின்னா என்ன? எலையப் பாரு, நாய்க்குக்கூட மிச்சம் வைக்கல அந்தப் பிள்ள. இதுக்கு மேல எங்கிட்டுக் கை நனைக்க? முழங்கை வரைக்குமா?"ன்னாரு. ரெண்டு பேரு களுக்குன்னு சிரிச்சுட்டாங்க. ஒருத்தரு, "விடு மாப்ள, பஸ்ஸு போயிரும்"னாரு. நிலையில இருந்த கை ஒண்ணு இறங்குச்சு. அந்த இடைவெளி போதும். ரெண்டு பேரும் அதுல புகுந்து வெளிய வந்துட்டாங்க.

"போறவ அப்படியே போயிரு. திரும்பி வராத"ன்னு பின்னாலருந்து சத்தம் வந்துச்சு. மதினி திரும்பிப் பார்க்கல. செருப்புக்கூடப் போடல.

பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டமும் நடையுமாப் போனோம். செயலாளர் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால வந்தாரு. என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. "சார், இன்னைக்கு உங்களுக்கு மௌன விரதம்னு நினைச்சுக்குங்க"ன்னேன். வாய்க்கால் பாலத்துக்கிட்ட வந்ததும் எனக்கு அடக்க முடியல. ஓரமா ஓடி அம்புட்டையும் வாந்தி எடுத்தேன். மதினி வந்து என் நெத்தியைப் பிடிச்சுக்கிட்டாங்க. வாய்க்கால் தண்ணியை அள்ளி மூஞ்சியைக் கழுவி விட்டாங்க.

"பாத்துக்கிட்டேதேன் இருந்தேன் தாயி. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குன. எம்மகளுக்காக ஒருத்தி இப்படித் திங்குறா, பெத்தவ நான் வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன். எனக்கு வெக்கமாப் போச்சு."

நான் அழுதேன். அந்தப் பொண்ணு மட்டும் அழல. "அக்கா, பஸ்ஸு வருது. வாங்கக்கா"ன்னு ரெண்டு பேர் கையையும் பிடிச்சு இழுத்தா.

பின்னால நடந்ததையும் சொல்லிடுறேன். பொண்ணு பிசிக்ஸ்ல கோட்டை விட்டுட்டு, அக்டோபர்ல திரும்ப எழுதிப் பாஸாகி நர்ஸாத்தான் ஆனா. பரிச்சை முடிஞ்சு மதினி வீட்டுக்குப் போனாங்க. அவரு ரொம்ப நாள் பேசலையாம், ஆனா சோத்தை மட்டும் வேளை தவறாமச் சாப்பிட்டிருக்காரு. விரத நாள்ல எந்த வீட்டுக்கும் போகக்கூடாதுன்னு சங்கத்துல ஒரு புதுச் சட்டம் வந்துச்சு. அதையும் செயலாளரேதான் எழுதினாரு. பாவம், எழுதிட்டு என் முகத்தைப் பார்த்தாரு. நான் பார்க்கல.

ஆனா வரலாறுன்னு நீங்க கேட்டா, எனக்கு முதல்ல வர்றது அந்தத் திங்கக்கிழமை காலைதான். மதினி விடியுமுன்ன எழுந்து மகளுக்குத் தலை சீவி, பின்னி, என்கிட்டருந்து பவுடர் வாங்கிப் பூசி விட்டாங்க. சென்டர் வாசல்ல ஒரே கூட்டம். பொண்ணு உள்ள போனா. மணி அடிச்சது. வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்தினான். சாத்தினதும் மதினிக்குப் பதறிப்போச்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள எட்டி எட்டிப் பார்த்தாங்க.

"எதுக்குத் தாயி பூட்டுறாக?"

"யாரும் உள்ள போய்த் தொந்தரவு பண்ணாம இருக்கத்தான் மதினி."

"எம்புட்டு நேரம் இருப்பா?"

"மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரமும் அவள யாரும் கூப்புட மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"தண்ணி எடு, மாட்டப் புடி, வெத்தல கிள்ளுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாக?"

"யாரும் சொல்லக் கூடாது மதினி. அவ உக்காந்து எழுதுறது மட்டுந்தான்."

மதினி கம்பியை விடல. உள்ள, தூரத்துல, எந்த ஜன்னல்னே தெரியாத ஒரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

"குடுத்து வச்சவ"ன்னாங்க.